தூண் ஓரத்தில் ஒரு நாற்காலி

 

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர். முதல் ஸஃப்பில் வலது பக்கத் தூண் ஓரம்தான் எப்போதும் நிற்பார். ஆறு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழம் வாங்கிக்கொண்டு எல்லோரும் போனோம். வீடு திரும்பிய பிறகு? நானே போன வாரம்தான் மறுபடி போனேன். என்னைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நோயாளியை நலம் விசாரிப்பதை, ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். முதல் வாரத்தோடு அது தீர்ந்துவிடும் என்று நாமாக வைத்துக்கொண்டோம்.

போனால் எப்படிப் பேசுவது? பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம் பாதித்தால் பேச்சு அடிபடும். அறிவு போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நாமோ அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே அவர் மனைவியிடம், "பாய் சாப்பிடுறாரா?" என்று கேட்கிறோம். அவரிடமே கேளுங்கள் சகோதரர்களே! ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, தலையசைத்துப் பதில் சொல்லும்படி. பிறகு காத்திருங்கள். தண்ணீர் என்ற சொல் வராத சிலருக்கு, சிறு வயதில் மனப்பாடம் செய்தது மட்டும் வந்துவிடும். நான் ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தேன். அவரும் கூடவே ஓதினார். அந்த வீட்டில் அழாதவர் யாருமில்லை.

அழுகை பற்றி ஒன்று. மூளை பாதித்ததாலேயே சிலருக்கு அடக்க முடியாமல் அழுகையோ சிரிப்போ வரும். வேறு சிலருக்கு நாட்கணக்கில் மனம் ஒடிந்து கிடக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். "ஸபர் இல்லை, ஈமான் குறைவு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மகன் யூசுபுக்காக யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயினவே, அவர்களுக்கா ஈமான் குறைவு?

அவர் விருந்துக்கு வருவதில்லை. ஏனென்று மகனிடம் கேட்டேன். இடது கையால் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சமாம். வலது கை இயங்காதவர் மீது அதில் குற்றமே இல்லை. ஸஹனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்காதது போல் சாப்பிடுங்கள்.

அவருடைய மனைவியையும் மறந்துவிட்டோம். ஆறு மாதமாக அந்த அம்மா வாசல் தாண்டவில்லை. கணவருக்கு ஒளு செய்ய உதவுவதும் அவர்தான். பெண்கள் யாராவது வீட்டில் இருந்துகொள்ளுங்கள், சொந்தக்காரப் பையன் ஒருவன் அவரோடு இருக்கட்டும். அந்த அம்மா இரண்டு மணி நேரம் தன் தங்கை வீட்டுக்குப் போய் வரட்டும்.

பார்வையற்ற இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்தார்கள். தாம் வெளியே போனபோது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். நம் பெரியவருக்கும் வேலை வைத்திருக்கிறேன். மதரஸா பிள்ளைகள் சூரா ஒப்பிக்கும்போது அவர் கேட்பார். தப்பு வந்தால் இடது கையால் மேசையைத் தட்டுவார்.

தூண் ஓரத்தில் நாற்காலி போட்டாயிற்று. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த அனுமதி. வெள்ளிதோறும் ஆட்டோவில் கூட்டி வர இரண்டு வாலிபர்கள் வேண்டும். தொழுகை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.