எவருடைய குற்றம்?

ஊரில் ஒரு தீமை நிலைத்து நிற்கிறது. விசாரித்தால் ஒவ்வொருவரும், "நான் என்ன செய்தேன்? என் இடத்தில் ஒழுங்காகத்தானே இருக்கிறேன்?" என்கிறார்கள். அது பொய்யும் அல்ல. அப்படியானால் அந்தத் தீமை எங்கே இருக்கிறது?

இதற்குப் பௌதிக சாஸ்திரம் ஓர் உவமை தருகிறது. விஞ்ஞானிகள் வெற்றிடம் என்பது சூனியத்தை அல்ல; சக்தி மிகக் குறைந்த அமைதி நிலையை. அத்தகைய அமைதிகள் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம் என்பதுதான் விசேஷம்.

கீழ்ப் பழனி மலையில், காப்பியும் மலைவாழையும் விளையும் பண்ணைக்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிழக்கு மேற்காக ஒரு நீண்ட மலைமுகடு. இருபுறமும் ஒரே ஆழமுள்ள பள்ளத்தாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். முகட்டை ஒட்டி முடிவில்லாத ஒரு கயிறு கிடக்கிறது. மேற்கே அது வடபள்ளத்தில் கிடக்கிறது, கிழக்கே தென்பள்ளத்தில். நடுவே எங்கோ ஓரிடத்தில் அது முகட்டில் ஏறி இறங்கியே ஆகவேண்டும். அந்த ஏற்றத்தை இங்கிருந்து அங்கே நகர்த்தலாம், ஒழிக்க முடியாது. ஒழிக்க வேண்டுமானால், பாதிக் கயிறு முழுவதையும் தூக்கி மறுபுறம் போடவேண்டும்.

இது எளிய மாதிரிதான். கேஜ் கொள்கைகள் என்னும் பெரிய கணக்குகளிலும் இந்த நியாயம் செல்லும். தொலைவில் திசைக்கொரு அமைதி நிலவினால், நடுவில் அவிழாத முடிச்சு ஒன்று விழும். அது ஒற்றைக் காந்தத் துருவமாக இருக்கும் என்று 1974-ல் ட் ஹூஃப்டும் பல்யகோவும் தனித்தனியே காட்டினார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய ராஜாராமன் 1982-ல் வெளியிட்ட நூலும் எளிய மாதிரிகளில் தொடங்கித்தான் அங்கே போய்ச் சேருகிறது.

கயிற்றை அங்குலம் அங்குலமாகச் சோதியுங்கள். எந்த இழையிலும் பழுதில்லை. வடபள்ளத்துக் கயிறு நிரபராதி; தென்பள்ளத்துக் கயிறும் நிரபராதி. முகட்டில் தவிக்கும் துண்டோ, இரு பக்கத்து அமைதிக்கும் விலை கொடுப்பது. நாமோ அதைத்தான் தண்டிக்கிறோம். மேலத்தெருவும் கீழத்தெருவும் தத்தம் வழக்கத்தில் நிம்மதியாக இருக்க, இடையே மணம் செய்துகொண்ட இளம் ஜோடியை அல்லவா கலகக்காரர்கள் என்கிறோம்!

கயிற்றுக்கு விருப்பம் கிடையாது, மனிதனுக்கு உண்டு. "நான் தவறு செய்யவில்லை" என்பது உண்மையாக இருக்கலாம். "நான் நகரமாட்டேன்" என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒருவர் நகர்ந்தால் ஏற்றம் ஓரடி தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஆனால் பாதிக் கயிறும் அப்படி ஓரடி ஓரடியாகத்தான் மறுபுறம் போகவேண்டும்.