தருமக் கணக்கும் கூலிக் கணக்கும்

நேமத்தான்பட்டியில் ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். தூணெல்லாம் பர்மாத் தேக்கு. எங்கள் சனத்துக்கு அந்த வீடுகள் பின்வாசல் வழியாகத்தான் தெரியும். 'இம்புட்டுக் காசு எங்கருந்துடா வந்துச்சு?' என்று எங்க அப்பத்தா கேட்கும். நீதி நூல்கள் சுற்றி வளைத்துக் கேட்பதும் இதைத்தான். பணம் வந்த வழி தப்பென்றால், தருமமாய்ப் போகிற வழி அதைச் சரிசெய்துவிடுமா?

அமெரிக்க ரயில் முதலாளிகளைப் பாருங்கள். லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் 1862இல் கலிபோர்னியா கவர்னர். சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனிக்கும் அவர்தான் தலைவர். ஒரு கையால் கேட்டு மறு கையால் கொடுத்துக்கொள்ளலாம். எதிர்த்திசையிலிருந்து பாதை போட்ட யூனியன் பசிபிக்காரர்கள் 'கிரெடிட் மொபிலியர்' என்று தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுமானக் கம்பெனி வைத்து, கூடுதல் விலைக்குப் பில் போட்டுப் பணத்தை உருவினார்கள். அதன் பங்குகளை ஓக்ஸ் ஏம்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் சக உறுப்பினர்களுக்கு மலிவாகப் பங்கிட்டார். 1872இல் பத்திரிகையில் நாறியது. 1873இல் சபை அவரைக் கண்டித்தது, அவ்வளவுதான்.

இதை ஊழல் என்று சொல்லி வரலாறு நிறுத்திக்கொள்ளும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 1867 ஜூன். சென்ட்ரல் பசிபிக்குக்காக மலையைக் குடைந்த சீனக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தி, வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். கம்பெனி சாப்பாட்டுச் சாமான் போவதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. இதில் லஞ்சமில்லை, கள்ளக்கணக்கில்லை. சேரிக்குக் கடைச்சாமான் கொடுக்காதே என்று ஊர்க்கூட்டம் போடுகிற கட்டு இருக்கிறதே, அதுதான் இது. ஸ்டான்ஃபோர்ட் 1885இல் செத்துப்போன மகன் பேரில் பல்கலைக்கழகம் நிறுவினார்.

நம் நாட்டு ரயிலுக்கு லஞ்சம்கூடத் தேவைப்படவில்லை. 1850களில் சென்னை ரயில்வே முதலான கம்பெனிகளில் பணம் போட்ட லண்டன்காரர்களுக்கு 5 சதவீத வட்டி உறுதி. வருமானம் பத்தாவிட்டால் இந்திய வருவாயிலிருந்து கட்டிவிடுவார்கள். நட்டத்துக்குப் பயமில்லாதவன் சிக்கனம் பார்ப்பானா? உப்புக்கு வரி கட்டிய பறையரும் பள்ளரும் சக்கிலியரும், ரயிலைக் கண்ணால் பார்க்கும் முன்பே, முகம் தெரியாத சீமைக்காரனுக்கு வட்டி அழுதிருக்கிறார்கள். எல்லாம் சட்டப்படி.

நகரத்தார் கதைக்கு வருவோம். 1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள். நாணயம் தவறாதவர்கள் என்று பேர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெல் விலை விழுந்தபோது அந்தச் சுத்தமான கணக்கே பர்மிய சம்சாரியின் வயலை எடுத்துக்கொண்டது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938க்குள் 25 பங்கு. பத்திரம் பேசியது. திருட்டு என்றால் திருடனைத் தேடலாம். திருடனே இல்லாமல் நிலம் பறிபோனால் யாரிடம் போய் முறையிடுவது?

காரைக்குடி வழியாக ரயில் ஓடத் தொடங்கியதும் 1930இல்தான். அந்த டிசம்பரில் இதே அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார் ஆதிதிராவிடர்மேல் 8 தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும். 1931 ஜூனில் அது 11 தடையானது. படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை மிராசுதாரிடம் வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1929இல், கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. தடை போட்டவர் அவரல்ல, இரண்டையும் ஒட்டவைத்துப் பழி போடுவது என் வேலையுமல்ல. ஆனால் ஒரே மண்ணில் கல்விக்குக் கொடையும் கல்விக்குத் தடையும் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன. எங்கே கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுக்கிறவர்தானே முடிவு செய்கிறார்! கூலி அப்படியல்ல. அது உழைத்தவன் கையில் வந்து, அவன் இஷ்டத்துக்குச் செலவாக வேண்டிய காசு. அதைக் குறைத்துவிட்டு மிச்சத்தைத் தருமமாய்த் திருப்பித் தந்தால், காசோடு சேர்ந்து முடிவெடுக்கும் உரிமையும் கைமாறிவிடுகிறது.

கொடையில் எழுந்த கல்லூரியில்தான் நானும் எம்.ஏ. தமிழ் படித்தேன். 'நன்றி வேண்டாமா தோழர்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. நன்றி சொல்லலாம். 4 அணாவுக்கும் 2 அணாவுக்கும் உழைத்தவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமே 2012இல் அந்தச் சீனத் தொழிலாளிகளைப் பற்றி ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. அவர்கள் கைப்பட எழுதிய ஒரு கடிதம்கூடக் கிடைக்கவில்லை. சம்பளப் பட்டியல்களிலும் பெரும்பாலும் கங்காணி பேர்தான் இருந்தது. நம் பக்கம் பழைய பேரேடுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் பி.ஏ. வரலாறு படிக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வீடு கட்டின கணக்கு யாரிடமாவது மிஞ்சியிருந்தால் பார்க்கத் தருவீர்களா என்று கேட்கலாமென்று இருக்கிறோம்.