போனவர்கள் திரும்பினால்

கோத்தகிரியில் ஓர் இலக்கியக் கூட்டம். பேசிவிட்டு இறங்கியதும், அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் என் நாவலைக் கையில் ஏந்தி அருகே வந்தார். கையெழுத்துக்காக என்று எண்ணிப் பேனாவை எடுத்தேன்.

"ஐயா, இதிலே வர்ற கண்மாய், கரையிலே அய்யனார் கோயில், எல்லாம் எங்க ஊருதானுங்களே?" என்றார்.

"நீங்கள் புதுக்கோட்டைச் சீமையா, அம்மா?"

"பொறந்தது கண்டிக்குப் பக்கத்துலே, தேயிலைத் தோட்டத்துலே. பூட்டனுக்குத்தான் உங்க ஊரு."

மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் வந்து, நீலகிரித் தேயிலையில் கொழுந்து கிள்ளி வாழ்ந்தவர் இவர்.

"ஊருக்குப் போய்ப் பார்த்தீர்களா?"

"போனோமுங்க. கரையிலே நின்னு அப்பா பூட்டன் பேரைச் சொன்னாரு. யாருக்கும் தெரியலே. சிலோன்காரங்கன்னு குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க. மறுநாளே திரும்பிட்டோம்." சற்று நிறுத்தி, "போனவங்க யாருமே திரும்பலேன்னு எழுதியிருக்கீங்க. நாங்க வந்தோமே ஐயா!" என்றார்.

குற்றம் சாட்டும் குரலில்லை அது. அதனால்தான் சுட்டது.

அன்று என் ஊரார் பொய் சொன்னார்களா? நூறாண்டுக்கு முன் போனவனின் பெயர் மறந்திருப்பது இயல்பே. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பெயரை நினைவு வைத்துக்கொண்டால் அவன் உழுத வயலையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். 'தெரியாது' என்ற சொல் சில சமயம் அறியாமையன்று; வேலி.

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பாட்டனார் வாங்கியது என்பார்கள். யாரிடம், என்ன விலைக்கு என்று நான் கேட்டதே இல்லை. பாட்டன் செய்ததற்குப் பேரன் பொறுப்பாவானா? சட்டம் இல்லை என்னும். விளைந்த நெல்லை உண்டு படித்தவன் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமா? ஈடு செய்ய இயலாமல் போகலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமையிலிருந்துமா விடுதலை?

அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தைத் திருத்தும்படி பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். நிலத்தைப் பற்றி அண்ணனுக்கு எழுத வேண்டிய கடிதம்தான் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது.