திருவனந்தபுர யாத்திரை



பகவான் புத்தர் பரிநிர்வாணம் எய்துமுன், பக்தியுடையோர் கண்டுவரத் தக்க இடங்கள் நான்கு என ஆனந்த தேரருக்கு உரைத்தருளினார். அவர் பிறந்த லும்பினி, போதி பெற்ற கயை, அறவாழி உருட்டிய சாரநாதம், மறைந்த குசிநகரம் என்பன அவை. ஓரிடத்தின் புனிதம் அங்கு நிகழ்ந்த செயலால் வருவது என்பது இதனால் விளங்கும். இக்கருத்தையே கைவிளக்காகக் கொண்டு, திருவனந்தபுரம் செல்வார்க்கு ஒருநாள் யாத்திரையின் வழியைக் கூறப் புகுகின்றோம்.

காலையில் ஸ்ரீவராகத்திலிருந்து புறப்படுதல் நன்று. கோட்டைக்குத் தெற்கேயுள்ள இப்பகுதி இலக்குமி வராகமூர்த்தி கோயிலால் பெயர் பெற்றது. கோயிற்குளம் மிகப் பெரிது. நாம் கோயிலைக் காட்டிலும் குளக்கரையிலேயே நெடுநேரம் நின்றோம். தன்னைத் தொட்ட கை எக்குலத்தது என்று நீர் வினவுவதில்லை, வினவியவர் மாந்தரே. அந்நாள் திருவிதாங்கூரில் கோயிலும் குளமும் மட்டுமா மூடிக்கிடந்தன? கோயிலைச் சூழ்ந்த வீதிகளும் ஒடுக்கப்பட்டார்க்கு மூடிக்கிடந்தன. 1924-25இல் வைக்கத்தில் நடந்த போராட்டம், பெரியார் ஈ.வெ.ரா. சிறைசென்ற போராட்டம், வீதியில் நடக்கும் உரிமைக்காகவே எழுந்தது.

அங்கிருந்து நடந்தே பத்மநாபசுவாமி கோயிலை அடையலாம். நம்மாழ்வார் பாடிய தலம் இது. அனந்தன்மேல் பள்ளிகொண்ட திருமேனியை மூன்று வாயில்கள் வழியே காணவேண்டும். மார்த்தாண்ட வர்ம மன்னர் 1750இல் தம் நாட்டையே இத்தெய்வத்திற்கு அர்ப்பணித்தார். 2011இல் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தது முதல் வருவோரெல்லாம் பொன்னைப் பற்றியே பேசுகின்றனர். அப்பேச்சு நமக்கு வேண்டா.

ஆடவர் மேலாடை களைந்து வேட்டியுடன் செல்வது இங்கு முறை. ஆனால் ஒன்று நினைவிலிருக்கட்டும். இதே நாட்டில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்குப் பல்லாண்டுகள் அடிபட்டு, 1859இல் அரச ஆணை பெற்றனர். தெய்வத்தின்முன் ஒருவர் தாமே களைவது வேறு. மேற்குலத்தார்முன் களைந்து நில் என்று கட்டளையிடுவது வேறு.

"பௌத்தராகிய நமக்கு இக்கோயிலில் என்ன வேலை?" என்று உடன்வந்த உபாசகர் ஒருவர் வினவினார். நல்ல வினா. பாபாசாகேப் அம்பேத்கர் 1930இல் நாசிக்கில் காலாராம் கோயில் வாயிலில் மக்களைத் திரட்டியது வழிபாட்டுப் பசியாலா? மனிதன் மனிதனாக மதிக்கப்படுகின்றானா என்று சோதித்தற்கன்றோ! அங்குக் கதவு திறக்கவில்லை. இங்கோ 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம், அரசின் ஆளுகையிலிருந்த கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டது. நிகழ்ந்த அச்செயலைக் காணவே இவ்வாயிலில் நிற்கின்றோம் என்றோம்.

அடுத்து ஆற்றுகால் பகவதி கோயில். மதுரையை எரித்த கண்ணகி இங்குத் தங்கினாள் என்பது ஐதிகம். மணிமேகலை சேரநாட்டு வஞ்சிக்குச் சென்று கண்ணகியைத் தொழுத கதையை அறிந்த நமக்கு இவ்விடம் அயலன்று. பொங்கல் விழா நாளில் இலட்சக்கணக்கான பெண்கள் குலம் பாராது நகரத்து வீதிகளிலேயே அடுப்பு மூட்டிப் பொங்குகின்றனர். எந்த வீதியில் கால்வைக்கலாகாது என்றனரோ, அவ்வகை வீதியே இன்று மடைப்பள்ளி!

பிற்பகலில் விழிஞ்ஞத்திற்கு அருகிலுள்ள வெங்ஙானூர் செல்க. வழிகாட்டிகள் பலர் இவ்வூரைச் சொல்லார். நமக்கோ இதுவே தலைமையான தலம். 1863இல் இங்குப் பிறந்த அய்யன்காளி, 1893இல் தலைப்பாகை கட்டி, வெண்ணிற வேட்டியுடுத்து, மணிகட்டிய காளைகள் பூட்டிய வில்வண்டியில், தம்மவர்க்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஏறிச்சென்றார். தடுத்தவர்க்கு அஞ்சித் திரும்பினாரில்லை. 1936இன் விளம்பரத்தையும் கண்ட பின்னரே 1941இல் மறைந்தார். அவரது சமாதி இங்குள்ளது.

அவர் எழுதப்படிக்க அறியாதவர். எனினும் தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்வித்தார். பஞ்சாலையில் உழைத்த நாம் வேலைநிறுத்தம் அறிவோம். கூலிக்காகவும் போனசுக்காகவும் நின்றிருக்கின்றோம். நான்காம் நாளே அடுப்பு அணையும். ஐந்தாம் நாள் மனம் அசையும். அரைவயிற்றுக் கூலியினர் எழுத்துக்காகப் பட்டினி கிடந்தது எத்துணை அரிது! அந்நாளில் கடற்கரை மீனவர் தம் படகுகளில் அவர்க்கும் இடம்தந்து பசிதீர்த்தனர் என்பர்.

விழிஞ்ஞம் கடற்கரை அருகிலேயே உள்ளது. பொழுதிருப்பின் அம்மீனவர் குடியிருப்பையும் கண்டு, கிழக்கேகோட்டைக்குப் பேருந்தில் திரும்பலாம்.