சஸ்பென்ஸ் கணக்கு

விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் வங்கி வேலை பார்க்கிறவனுக்கு, யோசிக்க வாய்க்கும் நேரம் ரயிலில் போய்வரும் நேரம்தான். அந்த ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. இந்தச் சாதாரணத் தகவல் சில மாதங்களாக என்னைத் தொந்தரவு செய்கிறது.

நம் கவிதைகளில் இருளுக்கு ஏராளமான இடமுண்டு. ஒளிக்கும் உண்டு. இரண்டுமே குறியீடுகள். ஒளி என்பது எங்கோ ஓரிடத்தில் மண்ணை வெட்டித் தயாரிக்கப்படும் பண்டம் என்ற விஷயம் மட்டும் நம் பிரக்ஞையில் ஏறவில்லை. அந்த இடம் விழுப்புரத்துக்குத் தெற்கே, பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்று நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1956இல் கார்ப்பரேஷன், 1957இல் சுரங்க வேலை, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின்நிலையத்தின் முதல் 50 மெகாவாட். கரிக்கு வடக்கே கையேந்தி நின்ற தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து டன்னுக்கு மேல் மண்ணை அகற்றவேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். அந்த முதல் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இரண்டாவது நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, நின்றிருந்த நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டதுதான் என்றது நிறுவனம். சட்டம் அப்படி இருக்கலாம். பயிர் அன்றைக்கு அங்கே இருந்தது.

பலருடைய நன்மைக்குச் சிலருடைய நஷ்டம் என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். 2012இன் மின்வெட்டில் நெல் காய்ந்ததும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவர்த்தி தேடியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘மூடு’ என்று நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறோம். சூரியனும் காற்றும் வந்துவிடும் என்பது நல்ல செய்தி. அவற்றுக்கும் யாருடைய நிலமாவது வேண்டும்.

மின்சாரத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. தென்மாநிலங்களின் கம்பிகளெல்லாம் ஒன்றாகப் பின்னிக்கிடக்கையில், என் விளக்கில் எரிவது எந்த ஊர்க் கரி என்று யாராலும் சொல்லமுடியாது. கடன் கொடுத்தவன் முகம் தெரியாவிட்டால் கடனே இல்லை என்று ஆகிவிடுமா?

எங்கள் தொழிலில், கணக்கு இடித்து, வித்தியாசம் எங்கே என்று பிடிபடாவிட்டால் அதை ‘சஸ்பென்ஸ்’ என்ற தலைப்பில் போடுவோம். அன்றைய கணக்கு நேராகிவிடும். நாங்களும் வீட்டுக்குப் போகலாம். கணினி வந்த பிறகும் அந்தத் தலைப்பு போகவில்லை. தேசமும் நெய்வேலியின் கிராமங்களை இப்படித்தான் வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. நஷ்டஈடு என்ற சொல், இடித்த கணக்கை நேராக்கிக் காட்டுகிற சொல்.

ஒரு பெரியவர் எங்கள் கவுண்ட்டருக்கு வருவார். ஏதோ ஒரு பொதுக் காரியத்துக்கு நிலம் கொடுத்தவர். அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டிருக்கிறார். முதிர்ந்தால் மறுபடியும் போடுவார். ‘எடுத்துக்கக் கூடாதா ஐயா?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘எடுத்தா செலவாயிடும் தம்பி. நெலம் செலவாவாது’ என்றார். நான் ரசீதை நீட்டினேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

இதற்குத் தீர்வு என்னிடம் இல்லை. விளக்கை அணைப்பது பாவனை. ‘தேசம் பார்த்துக்கொள்ளும்’ என்பது அதைவிடப் பெரிய பாவனை. எங்கள் விதிப்படி, சஸ்பென்ஸில் எதையும் நிரந்தரமாக வைத்திருக்கக்கூடாது. எவ்வளவு பழைய பதிவானாலும் யாருடையது என்று தேடி உரியவர் பெயரில் வைக்கவேண்டும். இந்தக் கடனையும் அப்படித் தேடலாம். அதுவரை, கணக்கு நேராகிவிட்டது என்று கையெழுத்துப் போடாமலாவது இருக்கலாம்.

இதை ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் எழுதினேன்.