கந்தலும் மானமும்



உத்தர கன்னட மாவட்டத்தில் நடைபெறவிருந்த 3 நாள் தையல் முகாம் ஒன்றுக்குச் சென்றுவர எமது சங்கத்து உபாசிகையர் ஐவர் விரும்பினர். பழந்துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் முறை ஒன்றை அங்குள்ள பழங்குடிப் பெண்கள் கற்பிப்பதாகக் கேள்வியுற்று, துணைக்கு எம்மையும் அழைத்தனர். ஞாயிறு வந்தனை முடிந்தபின் இச்செய்தி சபையில் வைக்கப்பட்டது. அப்பொழுது முதிய உபாசகர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, கந்தலைக் களைந்தெறியவே நம் முன்னோர் இம்மார்க்கம் புகுந்தனர். நம் பெண்மக்கள் அதே கந்தலைக் கையில் எடுப்பதற்கு இப்பொழுது வண்டியேறிப் போகவேண்டுமா? இதில் நமக்கு மானம் உண்டா?" என்று கேட்டார்.

சபையில் ஒருவரும் மறுமொழி கூறவில்லை. இருபது ஆண்டுகளாகத் தம்ம உரை நிகழ்த்திவரும் யாமும் கூறவில்லை. ஏனெனில் அக்கேள்வி அவருடையது மட்டுமன்று. எம் நெஞ்சில் நெடுநாளாய்க் கிடந்த கேள்வியும் அதுவே.

யாம் பிறந்தது பெங்களூரில், ஆலைத் தொழிலாளர் குடியிருந்த ஒரு சந்தில். தந்தையார் தறிக்கூடத்தில் வேலை செய்தார். கெஜம் கெஜமாகத் துணி நெய்து ஊருக்கெல்லாம் அனுப்பிய அவர் வீட்டில், கடையில் வாங்கிய போர்வை ஒன்றுகூட இல்லை. எம் அன்னையார் கிழிந்த புடவைகளை அடுக்கி, அடியில் தந்தையாரின் பழைய வேட்டியை வைத்து, ஒரு போர்வை தைத்திருந்தார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது அவர் வாக்கு. ஆகையால் அது எப்பொழுதும் வெளுப்பாகவே இருக்கும். ஆயினும் பள்ளித் தோழர் எவரேனும் வாசலில் தலைகாட்டினால், அதைச் சுருட்டி அரிசி மூட்டைக்குப் பின்னே மறைப்பது எம் வழக்கம். அன்னையார் அதைக் கண்டும் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் மறைந்தபின் வீட்டை ஒழித்தபோது அப்போர்வையைப் பழைய சாமான் வாங்குபவனிடம் எம் கையாலேயே கொடுத்தோம். அவன் அதற்கு விலை தரவில்லை, யாமும் கேட்கவில்லை. ஒரு பாரம் தொலைந்தது என்றே அன்று எண்ணினோம். முதியவர் கேட்ட கேள்விக்கு எம்மிடம் விடையில்லாமற் போனதன் காரணம் இதுவே. விடை தேடும் எண்ணத்துடனேயே உபாசிகையரோடு புறப்பட்டோம்.

எமக்குக் கற்பித்தவர்கள் சித்தி என்னும் பழங்குடியினர். போர்த்துகீசியர் முதலானோர் அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொணர்ந்த ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கோவாவில் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு தப்பியோடி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தஞ்சம் புகுந்தோர் இவர் முன்னோருள் பலர். எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு முதலிய வட்டங்களில் வாழ்கின்றனர். இவர்களுள் இந்துக்களும் உண்டு, இசுலாமியரும் கிறித்தவரும் உண்டு. 2003ஆம் ஆண்டில் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர். இவர்தம் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

பழந்துணியை அடுக்கித் தைப்பது இந்நாட்டில் புதிதன்று. வட கர்நாடகத்தில் கௌதி என்பர். மராட்டியத்தில் கோதடி என்பர். வங்காளத்தில் காந்தா என்பர். நம் தமிழில் வழங்கும் கந்தை என்னும் சொல்லும் அந்தக் காந்தாவும், கந்தா என்னும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். ஆனால் கவந்தி தைக்கும் முறை தனியானது. பழம்புடவை ஒன்றை அடித்துணியாக விரிக்கின்றனர். அதன் ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து தொடங்குகின்றனர். துண்டின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து, எல்லா அடுக்கும் சேர ஓட்டுத்தையல் போடுகின்றனர். முதல் துண்டின் பிசிர்விட்ட விளிம்பை அடுத்த துண்டு மூடுகிறது. அதன் விளிம்பை அதற்கடுத்தது மூடுகிறது. இவ்வாறு நான்கு ஓரமும் சுற்றி, சுற்றுச் சுற்றாக உள்ளே சென்று, நடுவில் முடிக்கின்றனர். சட்டமும் இல்லை; முன்கூட்டி வரைந்த கோலமும் இல்லை. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கிப் பூ வைக்கின்றனர். அந்தப் பூ இல்லாத போர்வை ஆடையில்லாத உடம்புக்கு ஒப்பு என்பது அவர்கள் கருத்து.

யாம் 18 வயதில் ஆலைக்குள் நுழைந்து, ஆலை மூடப்படும்வரை 16 ஆண்டுகள் தறி ஓட்டியவர்கள். துணியைப் பற்றி எமக்கு யார் கற்பிப்பது என்ற எண்ணம் உள்ளே இருந்தது. ஆகவே அப்பெண்கள் காட்டியதைப் பாதி கேட்டு, பாதி கேளாமல், அளவுகோலும் சுண்ணக்கட்டியும் வாங்கி, துண்டுகளை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, நடுவில் தொடங்கினோம். பாவு நூல் தளரலாகாது என்பது தறியின் விதி. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்கினோம். ஒரு மணி நேரத்தில் துணி சுட்ட அப்பளம் போல் சுருண்டுவிட்டது. ஊசி விரலில் மூன்று இடத்தில் ஏறியிருந்தது.

எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் அருகில் வந்து அதை எடுத்துப் பார்த்தார். சிரித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, எமது தையல் முழுவதையும் பிரிக்கத் தொடங்கினார்.

"இத்தனை இறுக்கினால் துணி என்ன செய்யும் தம்பி? பயந்து சுருங்கும்" என்று கன்னடத்தில் கூறினார்.

அக்கணம் எமக்குச் சினம் மூண்டது என்பதை மறைப்பதற்கில்லை. எமது சங்கத்துப் பெண்கள் எதிரே அமர்ந்திருந்தனர். அவர்கள் தையல் நேராக இருந்தது. சற்றுப் பொறுத்து, ஓரத்திலிருந்து புதிதாகத் தொடங்கினோம். முதல் துண்டு அமைந்தது. "அடுத்த துண்டு எது அம்மா?" என்று கேட்டோம். "இதை முடி. இது முடிந்தால் அது தெரியும்" என்றார். அவ்வாறே தெரிந்தது.

அன்றிரவு விரல் வலியோடு படுத்திருந்தபோது வினய பிடகத்தின் ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. சங்கத்தின் முதற்காலத்தில் பிக்குகளும் செம்மையாகத் தைக்கத் தெரியாதவர்களாகவே இருந்தனர். இறகுத் தண்டாலும் மூங்கிற் சிம்பாலும் துளைத்துத் தைத்துச் சீவரத்தைக் கெடுத்தனர். அதனால் பகவான் ஊசியை அனுமதித்தார். ஊசி துருவேறியது; அதை வைக்கக் குழல் அனுமதித்தார். தையல் கோணியது, அடையாளமிட மஞ்சள் தோய்த்த நூலை அனுமதித்தார். விரலில் ஊசி குத்தியது, விரலுறை அனுமதித்தார். இதைப் பலமுறை வாசித்திருந்தும், பழைய காலத்துச் செய்தியாகவே தள்ளிவைத்திருந்தோம். பொன்போன்ற சுகபோகம் துறந்து வந்த அரச குமாரர்களும் அங்கே கோணல் தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தனர் என்பது, எம் விரலில் இரத்தம் வந்தபிறகே விளங்கிற்று.

இனி முதியவர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கந்தலில் இருவகை உண்டு. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம், ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்ட மக்களுக்குப் பிணத்தின் ஆடையே ஆடை என்று விதிக்கிறது. பகவானும் அவருடைய பிக்குகளும் சுடுகாட்டிலும் குப்பைமேட்டிலும் கிடந்த துணியைப் பொறுக்கி, துவைத்து, துவராடையாக்கி அணிந்தனர். அதற்குப் பம்சுகூலம் என்று பெயர். துணி இரண்டிடத்தும் ஒன்றே. பிணத்தின்மேல் கிடந்ததுதான். ஒன்று இழிவின் முத்திரையாயிற்று. மற்றொன்று உலகம் வணங்கும் சீவரமாயிற்று. வேற்றுமை எங்கே இருக்கிறது?

தேவதத்தன் வரலாற்றில் இதற்கு விடை உண்டு. பிக்குகள் அனைவரும் வாழ்நாள் முழுவதும் பம்சுகூலமே அணியவேண்டும், இல்லறத்தார் தரும் ஆடையை ஏற்பது குற்றமாக வேண்டும் என்று அவன் கோரினான். கேட்பவருக்கு அது உயர்ந்த துறவாகவே தோன்றும். பகவான் மறுத்துவிட்டார். விரும்புவோர் கந்தலை அணியலாம்; விரும்புவோர் இல்லறத்தார் தரும் ஆடையை ஏற்கலாம் என்றார். முன்னரே, மருத்துவன் ஜீவகன் உயர்ந்த ஆடை கொணர்ந்தபோதும் அவர் வகுத்த வழி இதுவே. தாம் மேற்கொண்ட கந்தலைப் பிறர்மேல் கட்டாயமாகச் சுமத்த அவர் உடன்படவில்லை. துறவின் பெயராலும் சுமத்தலாகாத ஒன்றை, பிறப்பின் பெயரால் சுமத்தியவர்களை என்னென்று சொல்வது?

ஆகவே இழிவு துணியில் இல்லை. திணித்த கையில் இருக்கிறது. மேன்மையும் துணியில் இல்லை. விரும்பி எடுத்து, துவைத்து, இணைத்த கையில் இருக்கிறது. மகத நாட்டு வயல்களைக் காட்டி, வரப்பும் பாத்தியும் போலச் சீவரத்தை அமைக்க முடியுமா என்று பகவான் கேட்டபோது, ஆனந்தர் அவ்வாறே வகுத்துக் கொடுத்தார். அதன்பின் செல்வர் அளித்த புதுத்துணியும் வெட்டப்பட்டு, பகைவரும் ஆசைகொள்ளாத துண்டுகளாகி, மீண்டும் தைக்கப்பட்டே சீவரமாயிற்று.

முதியவர் மானம் என்ற சொல்லைக் கையாண்டார். நம் தமிழில் மானம் என்றால் பெருமை. உடலை மறைப்பதும் மானம் காப்பதே. பாலி மொழியில் அதே சொல் ஒரு மனமாசைக் குறிக்கும். அது மூவகைப்படும்: பிறரினும் உயர்ந்தேன் என்பது, பிறருக்கு ஒப்பானேன் என்பது, பிறரினும் தாழ்ந்தேன் என்பது. உயர்ந்தேன் என்பது செருக்கு என்று எவரும் அறிவர். தாழ்ந்தேன் என்று குன்றுவதும் அதே மாசின் மற்றொரு முகம் என்பதைப் பலமுறை உரைத்திருக்கிறோம், ஆனால் உணர்ந்ததில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னே போர்வையை மறைத்த சிறுவனும், மூதாட்டியின் முன் சினந்த தறிக்காரனும் ஒருவனே என்பதை அந்த மூன்று நாட்களில் கண்டோம்.

கோசம்பியில் உதேன மன்னன், ஆனந்தருக்கு 500 ஆடைகள் கிடைத்ததைக் கேள்வியுற்று, இத்தனையையும் என்ன செய்வீர் என்று வினவினான். சீவரம் நைந்த பிக்குகளுக்குப் பகிர்வேன் என்றார் ஆனந்தர். நைந்த பழையவை? படுக்கை விரிப்பாகும். அவையும் பழையனவானால் மெத்தை உறையாகும், பின் தரைவிரிப்பாகும், பின் கால் துடைக்கும் துணியாகும், பின் தூசு துடைப்பதாகும், கடைசியில் துண்டாக்கி மண்ணோடு குழைத்துத் தரைக்குப் பூச்சாகும் என்றார். எம் அன்னையார் வினயம் வாசித்தவர் அல்லர், எழுத்தே அறியாதவர். அவர் புடவை தூளியாயிற்று, போர்வையாயிற்று, அடுப்பிலிருந்து பானை இறக்கும் கரித்துணியாயிற்று. ஆனந்தர் மன்னனுக்கு உரைத்த ஒழுக்கம் எம் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. யாம் அதற்கு நாணினோம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை வறுமைக்குப் பாடிய வாழ்த்தாக எவரும் கொள்ளலாகாது. எம் அன்னையார் கந்தலை விரும்பித் தேர்ந்தவர் அல்லர். வேறு போர்வைக்கு வழியில்லை. அவருடைய கைத்திறம் வணங்கத்தக்கது. அவரை அந்நிலையில் வைத்த கூலி வணங்கத்தக்கதன்று. முகாமில் கவந்திகள் விற்பனைக்கும் இருந்தன. ஒன்றைத் தைக்கப் பல நாள் உழைப்பு வேண்டும். அதன் அழகை வாயாரப் புகழ்ந்துவிட்டு, விலையில் பாதி குறைக்கச் சொன்னவர்களையும் அங்கே கண்டோம். கந்தலின் பெருமையைப் பேசுகிறவன், அதைத் தைத்தவளின் கூலியை முதலில் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

திரும்பி வந்தபின் ஞாயிறு சபையில் இவற்றையெல்லாம் கூறினோம். உபாசிகையர் தைத்த போர்வையையும், எமது ஒரு முழத் துணியையும் விரித்துக் காட்டினோம். முதியவர் பொறுமையாகக் கேட்டார். "உங்கள் மனம் ஒப்பியது, மகிழ்ச்சி. என் மனம் ஒப்பவில்லை. என் தகப்பனார் பிறர் கழித்துப்போட்ட துணியையே கட்டினார். நான் அதைத் தொடமாட்டேன்" என்றார்.

அவரை வாதிட்டு மாற்ற யாம் முயலவில்லை. விரும்புவோர் அணியலாம் என்ற வாக்கிலேயே, விரும்பாதோர் விட்டுவிடலாம் என்பதும் அடங்கியிருக்கிறது. அவர் தொட மறுப்பதும், எமது பெண்கள் விரும்பித் தொடுவதும், முன்னோருக்குக் கிடைக்காத ஒரே உரிமையின் இரு பக்கங்கள்.

எமது ஒரு முழத் துணி இப்பொழுது சங்க மண்டபத்தில் கிடக்கிறது. சபைக்கு வரும் தாய்மார் கைக்குழந்தையை அதன்மேல் கிடத்துகின்றனர். தையல் கோணல்தான். பிரித்துத் தைக்கலாம் என்று உபாசிகை ஒருவர் கூறினார், வேண்டாம் என்றோம். அன்னையாரின் போர்வையை மட்டும் இனி எங்கும் தேடிப் பெற இயலாது. அதை மறைத்தபோது அவர் கண்டும் சொல்லாமல் விட்ட சொல் யாது என்பதை, ஒவ்வொரு ஞாயிறும் அத்துணியை விரிக்கும்போது எண்ணிப் பார்க்கிறோம்.