புகைப்பழக்கத்தை விடுவதற்கு அஞ்சலாமா?

புகைபிடிப்பது உடலுக்குக் கேடு என்பதை மறுத்து வாதிடுவோர் இன்று அநேகமாக எவருமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1950இல் எடுத்துக் காட்டினார்கள். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை அதை உலகறியச் செய்தது. 2016 முதல் நம் நாட்டில் சிகரெட் பெட்டியின் இரு முகப்பிலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படமும் வாசகமும் பிடித்துக் கொண்டிருக்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்துக் கொண்டேதான் நம் சகோதரர்கள் தீக்குச்சியைக் கிழிக்கிறார்கள்.

எனவே அறியாமை இதற்குக் காரணமன்று. விருப்பமின்மையும் முழுக் காரணமன்று. 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த புகையிலை ஆய்வில், புகைப்போரில் நூற்றுக்கு 55 பேர் விட்டுவிடத் திட்டமிட்டோ, அதைப்பற்றி எண்ணிக்கொண்டோ இருப்பதாகவே சொன்னார்கள். பிறகு அவர்களைத் தடுப்பது எது?

அவர்களில் பலரிடம் மனம்விட்டுப் பேசினால் ஒரே பதில்தான் வரும்: "எத்தனையோ தடவை விட்டுப் பார்த்தாயிற்று. மறுபடியும் தோற்றுப்போவதற்கு எதற்கு ஆரம்பிக்க வேண்டும்?" மார்க்கப் பற்றுள்ளவரானால் இன்னும் ஒருபடி மேலே போவார்: "விட்டுவிடுகிறேன் என்று அல்லாஹ்விடம் சொல்லிவிட்டு மீறினால் அது நயவஞ்சகனின் செயலல்லவா? அதைவிடச் சொல்லாமலே இருப்பது மேல்."

கேட்பதற்கு இது பேணுதலைப் போலவே இருக்கிறது. ஆகையால் இதைச் சற்று ஆராய வேண்டியது நம் கடமையாகிறது. நிறைவேற்ற முடியாமற் போகுமோ என்ற அச்சத்தினால் ஒரு நல்ல நிய்யத்தையே வைக்காதிருப்பது பேணுதலா? அல்லது பேணுதலின் உடையணிந்து வரும் நஃப்ஸின் சூழ்ச்சியா?

ஆணை வேறு, நிய்யத் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்வோம். அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு ஒன்றைச் சொல்லி அதை முறித்தால் அதற்குக் கஃப்பாரா உண்டு. 10 ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிப்பதும், இயலாதவர் 3 நாள் நோன்பு நோற்பதும் அதற்கான பரிகாரங்களில் உள்ளவை. அல்மாயிதா அத்தியாயத்தின் 89ஆம் வசனம் இதைக் கூறுகிறது. எனவே ஆணையிடுவதற்கு அஞ்சுவது சரியே. சிலர் குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறார்கள். அல்லாஹ் அல்லாதவற்றின் மீது சத்தியம் செய்யக் கூடாது என்பது மார்க்கம். அதையும் விட்டுவிட வேண்டும்.

ஆனால் பீடியை விட முனைவதற்கு ஆணை எதற்கு? நேர்ச்சைதான் எதற்கு? வேண்டியது நிய்யத். நிய்யத் என்பது உள்ளத்தின் நாட்டம். வாக்களித்தால் மாறு செய்வது நயவஞ்சகனின் அடையாளம் என்ற நபிமொழிக்கும் உலமாப் பெருமக்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். வாக்களிக்கும்போதே மீற வேண்டுமென்ற எண்ணத்தை உள்ளே வைத்திருப்பவனையே அது குறிக்கும். நிறைவேற்ற நாடி, முயன்று, இயலாமற் போனவனை அன்று. மனப்பூர்வமாக முயன்று வீழ்ந்தவர் தம்மை நயவஞ்சகரோடு சேர்த்து எண்ணிக் கொள்ள வேண்டியதில்லை.

உறுதி வேறு, உத்தரவாதம் வேறு

"தௌபாவுக்கு நிபந்தனையே, இனி அந்தச் செயலுக்குத் திரும்புவதில்லை என்ற உறுதியல்லவா? அந்த உறுதி எனக்கு இல்லையே!" என்று சிலர் கேட்கக்கூடும். புகைப்பது ஹராமா, மக்ரூஹா என்பதில் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்து வந்திருக்கிறது. அதன் தீமை வெட்டவெளிச்சமான பிறகு ஹராம் என்றே தீர்ப்பளிப்போர் பலர். எக்கருத்தை ஏற்றாலும் விட்டுவிடுவதே நல்லது என்பதில் வேறுபாடில்லை. ஆகையால் இக்கேள்விக்கு நாம் பதில் காணத்தான் வேண்டும்.

உறுதி என்பது இன்றைய மனத்தின் நிலை. உத்தரவாதம் என்பது நாளைய நிகழ்ச்சியைப் பற்றிய அறிவு. முன்னது அடியானிடம் கேட்கப்படுகிறது. பின்னது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொல்லும்படி அல்கஹ்ஃப் அத்தியாயம் நமக்குக் கற்பிப்பதன் கருத்தும் இதுவே. நாமோ அந்தத் திருவார்த்தையை, செய்ய எண்ணமில்லாத காரியத்துக்குத் திரையாக்கிக் கொண்டோம். செய்ய நாடுகிறேன், முடித்துத் தருவது அவன் கையில் என்பதல்லவா அதன் பொருள்?

ஹிஜ்ரத் நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டவர் வழியிலேயே மரணமடைந்தாலும் அவருடைய கூலி அல்லாஹ்விடம் உறுதியாகிவிட்டது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 100ஆம் வசனம் அறிவிக்கிறது. ஊர் போய்ச் சேருவேன் என்ற உத்தரவாதம் கிடைத்த பிறகே புறப்படுவேன் என்று அவர் வாசலில் நின்றிருந்தால் அந்தக் கூலி ஏது? வெற்றி நிச்சயம் என்று தெரிந்தால்தான் தொடங்குவேன் என்பவர், தமக்குரியதல்லாத ஓர் அறிவை அல்லாஹ்விடம் கேட்கிறார். இது பேணுதலன்று.

நோன்பு சொல்லித் தரும் பாடம்

இந்த உண்மை நமக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் ரமளானில் நாம் நடைமுறையில் செய்து வருவதே. நாளொன்றுக்கு இரண்டு கட்டுப் பீடி குடிப்பவரும் ஸஹர் முதல் மஃரிப் வரை, ஏறக்குறைய 13 மணி நேரம், அதைத் தொடுவதில்லை. "அப்படியானால் உம்மால் முடியும்தானே!" என்று அவரை மடக்குவது எளிது. அவரோ, "அது ரமளான்" என்று ஒரே சொல்லில் தப்பிவிடுவார். ஆகையால் அந்த வாதத்தை விட்டுவிட்டு, நோன்பின் அமைப்பை உற்று நோக்குவோம்.

நோன்புக்கு ஒவ்வோர் இரவும் நிய்யத் வைக்கிறோம். எதற்கு வைக்கிறோம்? நாளைய நோன்புக்கு. முதல் பிறை பார்த்த இரவிலேயே 30 நோன்பையும் மனத்தில் சுமந்துகொண்டு, 17ஆம் நோன்பன்று உடம்புக்கு முடியாமற் போனால் என்ன செய்வது என்று எவரும் கலங்கி உட்கார்ந்திருப்பதில்லை. மாதம் முழுவதும் நோற்பது உறுதி. ஆனால் தோளில் ஏற்றுவது ஒரு நாளின் சுமை மட்டுமே.

அந்த 17ஆம் நோன்பு முறிந்தே போனாலும் என்ன ஆகிறது? முந்திய 16 நோன்புகள் பாழாவதில்லை. மீதியுள்ளவற்றை விட்டுவிட அனுமதியும் கிடைப்பதில்லை. முறிந்த நோன்பு தனிக் கடனாக நிற்கிறது. அதை அடைக்க வேண்டும். இதைவிட நுட்பமான சட்டம் ஒன்றும் உண்டு. தக்க காரணமின்றி நோன்பை முறித்தவர், போனதுதான் போயிற்றே என்று அன்று முழுவதும் உண்டு திரியலாகாது. மஃரிப் வரை நோன்பாளியைப் போன்றே தடுத்துக் கொண்டிருக்க வேண்டும் என்று ஷாஃபியீ, ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

புகையை விட முனைவோர் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். பத்து நாள் விட்டிருப்பார். பதினோராம் நாள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் நண்பர் நீட்டிய ஒன்றைப் பற்றவைத்து விடுவார். அவரை வீழ்த்துவது அந்த ஒரு சிகரெட் அன்று. "சரி, எல்லாம் போயிற்று" என்ற எண்ணமே அவரை வீழ்த்துகிறது. மாலைக்குள் ஒரு பெட்டி காலியாகிவிடும். ஒரு நோன்பு முறிந்ததற்காக ரமளானையே கைவிடுவாரா அவர்? மாட்டார். அதே அறிவை இங்கேயும் கைக்கொள்ளட்டும். ஒன்று நடந்துவிட்டது, இரண்டாவது நடக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இது சலுகையாகிவிடாதா?

"தவறினால் பரவாயில்லை என்று சொல்லிக் கொடுத்தால், தவறுவதற்கே துணிவு வந்துவிடாதா?" என்று கேட்பது நியாயமே. தவறப் போகிறேன் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைப்பவருடையது நிய்யத்தே அன்று. சட்டைப் பையில் ஒன்றை ஒளித்து வைத்துக் கொண்டு விட்டுவிட்டேன் என்பவருக்கு நாம் எழுதவில்லை. மனமார விட நாடியும், விழுந்து விடுவோமே என்று நடுங்குபவருக்கே எழுதுகிறோம். முறையாகத் தௌபாச் செய்தவர் மீண்டும் அச்செயலில் விழுந்துவிட்டால், புதிய தவறுக்குப் புதிய தௌபா கடமையாகும். முந்திய தௌபா பொய்யாகி விடாது என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். தமக்கே அநீதியிழைத்துக் கொண்டவர்களை நோக்கி, இறையருளில் நிராசையடைய வேண்டாமென்று அஸ்ஸுமர் அத்தியாயம் அழைப்பதும் இவர்களைப் போன்றோரைத் தேற்றத்தானே!

மேலும், வீழ்ச்சியில் பெரும்பங்கு நிகோடின் என்ற பொருளின் வேலை என்பதையும் நாம் அறிய வேண்டும். புகையை இழுத்த 10, 20 விநாடிகளில் அது மூளையை எட்டிவிடுகிறது. துணை எதுவுமின்றித் தாமாகவே விட முயல்வோரில் 6 மாதம், ஓராண்டு என்று நிலைத்து நிற்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே. எனவே ஒருவர் மூன்று முறை தோற்றார் என்றால், அது அவருடைய ஈமானின் குறை என்று அவரும் எண்ண வேண்டாம், நாமும் சொல்ல வேண்டாம்.

அச்சத்தை வேலை வாங்குவோம்

அச்சத்தை அடியோடு விரட்ட வேண்டுமென்பதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒட்டகம் ஓடிவிடுமோ என்ற அச்சம்தான் கயிற்றைத் தேட வைக்கிறது. எங்கே விழுவேன் என்று அஞ்சுகிறாரோ, அந்த இடத்தை ஒரு தாளில் எழுதட்டும். சுபுஹுக்குப் பின் குடிக்கும் தேநீரா? சாப்பாட்டுக்குப் பிந்திய வேளையா? கடைத்தெருச் சிநேகிதர்களா? மனக்கோபமா? ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு வரி எழுதட்டும். தேநீரை வீட்டில் குடிக்கலாம். சாப்பிட்ட கையோடு பல் துலக்கலாம், மிஸ்வாக் செய்யலாம். கோபம் வந்தால் ஒளுச் செய்யலாம். நாளொன்றைக் குறித்து, அதற்கு முந்திய இரவே தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் யாவற்றையும் அப்புறப்படுத்தட்டும்.

பெரும்பாலோருக்கு முதல் சில நாட்களே மிகக் கடினம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் உடலின் தவிப்பு தணிந்துவிடும். திடீரென எழும் ஆசை சில நிமிடங்களில் கடந்துபோகும். அந்தச் சில நிமிடங்களைக் கடப்பதே வேலை. மருத்துவரின் ஆலோசனைப்படி நிகோடின் சூயிங்கமோ, தோலில் ஒட்டும் பட்டையோ பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. மத்திய அரசு இதற்கெனவே 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை ஏற்படுத்தியிருக்கிறது. இவையெல்லாம் ஒட்டகத்தின் கயிறுகளே; தவக்குலுக்கு மாறானவை அல்ல.

வீட்டார் கவனத்திற்கு

தோல்வியைப் பற்றிய அச்சத்தில் பாதி, வீட்டாரின் ஏளனத்தைப் பற்றிய அச்சமே. "இது எத்தனையாவது தடவை?" என்று மனைவி கேட்கும் ஒரு கேள்வியும், பிள்ளைகள் மறைவில் சிரிக்கும் சிரிப்பும் ஒரு மனிதரை யாரிடமும் சொல்லாமல் விட முயலச் செய்கின்றன, யாருக்கும் தெரியாமல் தோற்கவும் செய்கின்றன. மது அருந்தியதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை தண்டனை பெற்ற ஒருவரை, கூட்டத்தில் ஒருவர் சபித்தார். சபிக்க வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றும் பகர்ந்தார்கள். புகாரீ கிரந்தத்தில் வரும் செய்தி இது. திரும்பத் திரும்ப வீழ்ந்தவரின் உள்ளத்திலும் நேசம் இருப்பதை அண்ணலார் கண்டார்கள். நம் தகப்பனாரிடமும், கணவரிடமும், மகனிடமும் அதைக் காண நமக்குக் கண் வேண்டாமா? வீழ்ந்த அன்று "நாளைக்கு மறுபடியும் நிய்யத் வையுங்கள்" என்று ஒரு சொல் சொல்வது, ஓராண்டு உபதேசத்தைவிட மேலானது.

முறிந்துவிடுமோ என்று வைக்கப்படாமலே போன நிய்யத்துகள் நம்மில் எத்தனையோ! அவற்றில் ஒன்றையேனும் இன்றிரவு வைப்போம். நாளை ஒரு நாளுக்கு வைப்போம். நாளை இரவு வந்தால், அதற்கடுத்த நாளுக்கும் வைப்போம். நாட்டத்தைத் தந்தவன் ஆற்றலையும் தருவதற்குப் போதுமானவன். வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்ல நிய்யத்தையும், அதில் நிலைத்திருக்கும் தௌஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.